இச்சிகாவா ஃபுசாயே: ஓட்டுரிமைக்காகப் போராடி, ஓட்டு விலைபோகாமல் காத்தவர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஜப்பான் அரசியல் பற்றி எழுதும்போதெல்லாம் இச்சிகாவா ஃபுசாயேவைக் குறிப்பிடாமல் என்னால் இருக்க முடிவதில்லை. உடனே, யார் அந்த அம்மா, எந்தக் கட்சி, ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள் என்று கேள்விகள் வருகின்றன. அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் தருகிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், யார் இவர்?

ஜப்பானில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுப் போராடியவர்களில் முதல் வரிசையில் நின்றவர். பிறகு அந்நாட்டு மேலவைக்கு 1953, 1959, 1965, 1974, 1980 என ஐந்து முறை தேர்ந்தெடுக்கப்பட்டவர். இச்சிகாவா என்பது குடும்பப் பெயர், ஃபுசாயே என்பது இவருடைய பெயர். 1893 மே 15-ல் ஐச்சி மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1981 பிப்ரவரி 11-ல் இறந்தபோது வயது 87. அப்போதும் பதவியில் இருக்கும் எம்.பி.

இந்தப் பாதைக்கு அவரைத் தள்ளியது எது?

அவர் வீடுதான். அப்பா முன்கோபி. அம்மாவை அடிப்பார். ஆனால் அதே அப்பாவுக்குப் பிள்ளைகளின் படிப்பில் மட்டும் அப்படி ஓர் அக்கறை. நான் மண்ணைக் கிளறியது போதும், நீங்களாவது படியுங்கள் என்று ஆண், பெண் பார்க்காமல் எல்லோரையும் படிக்க வைத்தவர். அடி வாங்கிய அம்மா ஒருநாள் சிறுமி ஃபுசாயேவிடம், உங்களுக்காகத்தான் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், பெண்ணாகப் பிறந்தது என் தலைவிதி என்று புலம்பினாராம். பெண்ணாகப் பிறந்தால் ஏன் இதையெல்லாம் தாங்க வேண்டும் என்ற கேள்வி அன்றைக்கு மனதில் விழுந்தது என்று பின்னாளில் எழுதியிருக்கிறார்.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போது, நல்ல மனைவி, அறிவுள்ள தாய் என்ற அச்சில் எல்லோரையும் வார்க்கப் பார்த்த புதிய தலைமையாசிரியரை எதிர்த்து மாணவிகளைத் திரட்டினார். அப்புறம் பள்ளி ஆசிரியை, நகோயாவில் ஒரு நாளிதழின் நிருபர். 1918-ல் தோக்கியோவுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்தக் காலத்தில் பெண்கள் அரசியலில் என்ன செய்ய முடிந்தது?

ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டு இல்லை என்பது மட்டுமல்ல, 1900-ல் வந்த பொது அமைதிக் காவல் சட்டத்தின் ஐந்தாவது பிரிவுப்படி பெண்கள் அரசியல் கூட்டத்துக்குப் போவதே குற்றம். மேடையில் பேசுவதை விடுங்கள், கேட்பவர்களோடு ஓரமாக உட்காரவும் கூடாது. கட்சியில் சேரவும் கூடாது.

இச்சிகாவா 1919-ல் எழுத்தாளர் ஹிராட்சுகா ராய்ச்சோவுடன் சேர்ந்து புதிய பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். முதல் குறி அந்த ஐந்தாவது பிரிவு. எம்.பி.க்களின் வீட்டு வாசலுக்கு நடையாய் நடந்தார்கள். 1922-ல் சட்டம் திருத்தப்பட்டது. பெண்கள் கூட்டத்துக்குப் போகலாம் என்றானது, கட்சியில் சேரும் தடை மட்டும் அப்படியே நின்றது. சிறிய வெற்றிதான். ஆனால் வீட்டுக்கு வெளியே வந்து நாலு பேர் பேசுவதைக் கேட்க முடியாத ஒருத்திக்கு ஓட்டு கிடைத்துத்தான் என்ன பயன்? இங்கிருந்து தொடங்கியது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

அமெரிக்காவுக்குப் போனாரா?

போனார். 1921-ல் போய் 1924 தொடக்கத்தில் திரும்பினார். வீட்டு வேலை செய்து செலவைச் சமாளித்துக்கொண்டே அங்கிருந்த பெண்கள் இயக்கங்களைப் பார்த்தார். அமெரிக்கப் பெண்களுக்கு ஓட்டு வாங்கித் தந்த போராட்டத்தில் முன்னின்ற ஆலிஸ் பாலைச் சந்தித்தார். பல வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்ளாமல் ஓட்டுரிமை ஒன்றையே பிடித்துக்கொள் என்பது அவர் சொன்ன யோசனை. திரும்பி வந்த அதே ஆண்டு டிசம்பரில் இச்சிகாவாவும் தோழிகளும் ஓட்டுரிமைக்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள்.

'ஃபுசென்' என்று ஒரு சொல் அடிக்கடி வருகிறதே, அது என்ன?

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. 1925-ல் 25 வயதான ஆண்கள் அனைவருக்கும், வரி கட்டினாலும் கட்டாவிட்டாலும், ஓட்டு என்று சட்டம் வந்தது. அதற்கு 'அனைவருக்குமான வாக்குரிமை' என்று பெயர். ஜப்பானிய மொழியில் சுருக்கமாக ஃபுசென். நாட்டில் பாதிப் பேரை விட்டுவிட்டு அனைவருக்கும் என்றால் எப்படி? பெண்களின் வாக்குரிமை என்பதைச் சுருக்கினாலும் ஃபுசென் என்றே ஒலிக்கும். ஒலி ஒன்று, எழுதும் எழுத்து வேறு. இச்சிகாவாவின் அமைப்பு இந்த இரண்டாவது ஃபுசெனைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டது. பெண்களின் ஃபுசென் இல்லாமல் ஃபுசென் ஏது என்று கேட்டார்கள். காதால் கேட்டால் ஒரே சொல், காகிதத்தில் பார்த்தால் முதல் எழுத்தில் பெண் நிற்கிறாள். 1930-ல் நடந்த முதல் தேசிய மாநாட்டுக்குக் கவிஞர் யோசானோ அக்கிகோ 'ஃபுசென் பாட்டு' எழுதிக் கொடுத்தார்.

போருக்கு முன்பே ஓட்டு கிடைக்கும் நிலை வந்ததா?

கைக்கு எட்டும் தூரம் வரை வந்தது. 1931-ல் அரசே ஒரு மசோதா கொண்டுவந்தது. உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் பெண்கள் ஓட்டுப் போடலாம். ஆனால் மணமான பெண் உள்ளாட்சியில் பொறுப்பு ஏற்க வேண்டுமென்றால் கணவரின் சம்மதம் வேண்டும். இந்த அரைகுறைச் சட்டம் வேண்டாம் என்று இச்சிகாவா தரப்பு எதிர்த்தது. கீழவையில் நிறைவேறிய அந்த மசோதாவையும் அப்போதைய மேலவையான பிரபுக்கள் அவை தூக்கி எறிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவில் ஜப்பான் ராணுவம் இறங்கியது. அதன் பிறகு ஓட்டுரிமைப் பேச்சுக்குக் காது கொடுக்க ஆளில்லை.

போர்க்காலத்தில் அரசோடு ஒத்துழைத்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மூடி மறைத்து எழுதினால் அது அவருக்கும் செய்யும் அவமரியாதை.

1930-களின் முதல் பாதியில் அவர் போரை எதிர்த்தவர்தான். ஆனால் 1937-ல் சீனாவுடன் முழுப்போர் மூண்டதும் அவர் முன்னால் மூன்று வழிகள் இருந்தன: வெளிப்படையாக எதிர்த்துச் சிறைக்குப் போவது, எல்லாவற்றையும் விட்டு ஒதுங்குவது, ஓரளவு ஒத்துழைத்துப் பெண்களுக்கு ஆக வேண்டியதைப் பார்ப்பது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார். மக்களைப் போருக்கு ஆதரவாகத் திரட்டிய அரசின் தேசிய உளத்திரட்டு இயக்கத்தில் பங்கேற்றார். 1940-ல் தன் ஓட்டுரிமை அமைப்பைத் தானே கலைத்தார். 1942-ல் உருவான, போருக்கு ஆதரவாக எழுதுபவர்களின் சங்கத்தில் நிர்வாகியாகவும் இருந்தார்.

இதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. 1947 மார்ச்சில், போரில் தோற்ற ஜப்பானைத் தன் பிடியில் வைத்திருந்த அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் அவரைப் பொதுப் பதவிகளிலிருந்து விலக்கியது. தடை நீங்கியது 1950 அக்டோபரில். நாட்டின் பெண்கள் தேர்தலில் நின்று ஜெயித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அதற்காகவே வாழ்ந்தவர் அரசியலில் தலைகாட்ட முடியாமல் இருந்தார். அவருக்காகக் கையெழுத்துத் திரட்டிய பெண்கள் ஏராளம்.

என் கருத்தைக் கேட்டால், அவர் தேர்ந்தெடுத்தது தவறான வழி. பெண்களுக்கு நன்மை வரும் என்று நம்பி, பெண்களின் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிய இயந்திரத்துக்குக் கை கொடுத்தார். ஆனால் பிற்காலத்தில் அதை இல்லை என்று சொல்லவில்லை, ஒத்துழைத்தது ஒத்துழைத்ததுதான் என்று ஒப்புக்கொண்டார். சமத்துவம் இல்லாமல் அமைதி இல்லை, அமைதி இல்லாமல் சமத்துவம் இல்லை என்று முதுமையில் திரும்பத் திரும்பச் சொன்னாரே, அந்தப் பேச்சுக்குப் பின்னால் இந்த ஆண்டுகள் இருக்கின்றன.

ஓட்டுரிமை என்பது ஆக்கிரமிப்புப் படையின் அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் கொடுத்த பரிசுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்டால் இச்சிகாவாவுக்குக் கோபம் வந்திருக்கும். ஜப்பான் சரணடைந்தது 1945 ஆகஸ்ட் 15. பத்தே நாளில், ஆகஸ்ட் 25 அன்று, அவரும் தோழிகளும் போருக்குப் பிந்தைய பணிகளுக்கான பெண்கள் குழுவை அமைத்து ஓட்டுரிமையைக் கேட்டுவிட்டார்கள். ஊரே சாம்பலாகக் கிடக்கிறது, சாப்பாட்டுக்கு வழியில்லை, அப்போது இந்த வேலை! பிரதமர் ஷிதெஹாராவின் அமைச்சரவை அக்டோபர் 10-ல் பெண்களுக்கு ஓட்டு என்று முடிவெடுத்தது. மெக்ஆர்தரின் ஐந்து சீர்திருத்தங்கள் பற்றிய உத்தரவு வந்தது அதற்கு மறுநாள். ஆக்கிரமிப்புப் படையின் அழுத்தம் இல்லாமல் சட்டம் அவ்வளவு வேகமாக வந்திருக்காது என்பதும் சரிதான். ஆனால் இருபது ஆண்டு உழைப்பை ஒரு தளபதியின் கையெழுத்தில் அடக்கிவிடக் கூடாது.

முதல் தேர்தலில் அவர் ஓட்டுப் போட்டபோது எப்படி இருந்ததாம்?

போடவே இல்லை. போட முடியவில்லை.

1946 ஏப்ரல் 10. ஜப்பான் பெண்கள் முதல்முறையாக வாக்குச்சாவடிக்கு வந்த நாள். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்ற தாய்மார்களின் படங்கள் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. அன்று தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் 39 பேர். அதே நாளில் வாக்காளர் பட்டியலில் இச்சிகாவா ஃபுசாயேவின் பெயர் விடுபட்டிருந்தது. வயது 52. கால் நூற்றாண்டுக்கும் மேலாக இதற்காகவே வாழ்ந்தவர், மற்ற பெண்கள் ஓட்டுப் போடுவதைப் பார்த்துவிட்டு வந்தார். இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனத்துப் போகிறது.

அந்த 39 பற்றி ஒரு விவரம். அந்தத் தேர்தலில் மட்டும் பெரிய தொகுதிகள் இருந்தன, ஒருவரே இரண்டு மூன்று பெயர்களை எழுதலாம். ஓர் ஆணின் பெயரோடு ஒரு பெண்ணின் பெயரையும் எழுதுவோமே என்று பலர் எழுதினார்கள். அடுத்த ஆண்டு ஆளுக்கு ஒரு பெயர் என்று முறை மாறியதும் எண்ணிக்கை 15 ஆகச் சரிந்தது. 39 என்ற எண்ணைக் கீழவையில் பெண்கள் தாண்டியது 2005-ல்தான்.

எந்தக் கட்சியில் இருந்தார்?

எந்தக் கட்சியிலும் இல்லை. கடைசி வரை சுயேச்சை. மேலவையில் கட்சி சாராத உறுப்பினர்களின் சிறு குழுவில் இருந்து செயல்பட்டார்.

பணம் செலவழிக்காமல் ஜெயித்தார் என்பதை நம்ப முடியவில்லையே. எப்படி?

இவரைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு ஆசை வருவதே இந்த இடத்தால்தான். அவர் இதற்கு 'இலட்சியத் தேர்தல்' என்று பெயர் வைத்திருந்தார். முறை இதுதான்: வேட்பாளர் தானாக வந்து எனக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்கக் கூடாது. இவர்தான் எங்களுக்கு வேண்டும் என்று வாக்காளர்கள் முன்மொழிய வேண்டும். தேர்தல் செலவு வேட்பாளரின் தலையில் விழக் கூடாது. முன்மொழிந்தவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். வேலை செய்பவர்கள் கூலி வாங்காதவர்களாக இருக்க வேண்டும். தேர்தல் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து மதிக்க வேண்டும். முடிந்ததும் வரவு செலவை எல்லோர் முன்பும் வைக்க வேண்டும்.

ஜப்பான் தேர்தலில் வாக்காளர் முத்திரை குத்துவதில்லை, பொத்தானை அழுத்துவதில்லை. வேட்பாளரின் பெயரைச் சீட்டில் தன் கையால் எழுத வேண்டும். அதனால் பெயர் மனதில் பதிய வேண்டும் என்று, வேட்பாளர்கள் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் தெருத்தெருவாகப் போய்ப் பெயரையே கத்திக்கொண்டிருப்பார்கள். கொள்கை எதுவும் வராது, பெயர் மட்டும் வரும். இச்சிகாவா அந்தக் கூச்சலை வேண்டாம் என்றார். அரசு வீட்டுக்கு வீடு அனுப்பும் தேர்தல் அறிக்கைத் தாள், வானொலியில் எல்லோருக்கும் கிடைக்கும் நேரம், எல்லா வேட்பாளர்களும் ஒரே மேடையில் பேசும் பொதுக்கூட்டம் ஆகியவை இருக்கின்றனவே, அவை போதாதா என்று கேட்டார்.

1953-ல் தோக்கியோ தொகுதியில் அப்படித்தான் நின்றார். சட்டம் அனுமதித்த செலவில் ஒரு சிறு பகுதியைத்தான் தொட்டார், ஜெயித்தார். அதற்குப் பிறகும் எம்.பி. சம்பளத்தை உறுப்பினர்கள் தாங்களே உயர்த்திக்கொள்வதை எதிர்த்தார், நாடாளுமன்றத்தில் தான் என்ன செய்தேன் என்று அறிக்கை அச்சிட்டு வாக்காளர்களுக்குக் கொடுத்தார்.

தோக்கியோ மாதிரி படித்தவர்கள் நிறைந்த ஊரில், ஏற்கெனவே பெயர் தெரிந்தவருக்கு இது முடியும், முகம் தெரியாத ஒருவருக்கு முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் பணம் இல்லாமல் முடியவே முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு நாட்டில் முடியும் என்று ஒருவர் ஐந்து முறை காட்டினாரா இல்லையா?

நாடாளுமன்றத்தில் அவர் பெயர் சொல்லும் சட்டம் எது?

1956-ன் விபசாரத் தடுப்புச் சட்டம். அவர் ஒருவர் வேலை அல்ல. இரு அவைகளிலும் இருந்த பெண் உறுப்பினர்கள் கட்சியை ஒதுக்கிவைத்துவிட்டு ஒன்றாக நின்று கொண்டுவந்த சட்டம் அது. காமிச்சிகா இச்சிகோ போன்றவர்கள் முன்னணியில் இருந்தார்கள். 1955-ல் மசோதா தோற்றது. மறுஆண்டு நிறைவேறியது. விபசார விடுதி நடத்தியவர்கள் சட்டத்தைத் தடுக்க எம்.பி.க்களுக்குப் பணம் கொடுத்த ஊழல் 1957-ல் வெளியே வந்தது. அரசியலில் பணம் என்ன செய்யும் என்று அவர் சொல்லி வந்ததற்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. இந்தச் சட்டத்தில் குறையும் இருந்தது. தெருவில் நின்று அழைத்த பெண்ணுக்குத் தண்டனை இருந்தது, விலை கொடுத்து வந்த ஆணுக்கு இல்லை.

தோற்றதே இல்லையா?

1971-ல் தோற்றார். வயது 78. இனி ஓய்வுதான் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவரும் அப்படித்தான் நினைத்தார். 1974-ல் இளைஞர்கள் கூட்டம் ஒன்று அவரை விடவில்லை. நீங்கள் சரி என்று சொன்னாலும் சொல்லாவிட்டாலும் நாங்கள் முன்மொழிவோம் என்று கிளம்பிவிட்டார்கள். தேர்தல் அலுவலகத்தைப் பொறுப்பேற்று நடத்திய இளைஞரின் பெயர் கான் நவோத்தோ. 2010-ல் ஜப்பானின் பிரதமரானவர் அவர்தான்.

தானகா காக்குவேய் பிரதமராக இருந்த நேரம். பெரிய நிறுவனங்களின் பணம் ஆறாக ஓடிய தேர்தல் என்று அதற்கே கெட்ட பெயர். அதில் 81 வயது மூதாட்டி, நாடு முழுவதும் ஒரே தொகுதியாக இருந்த தேசியத் தொகுதியில் நின்றார். 19 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகள் பெற்று இரண்டாவது இடத்தில் வந்தார்.

ஒரு யென் போராட்டம் என்றால் என்ன?

அதே 1974. மின்சார நிறுவனங்கள் ஆளுங்கட்சிக்கு நன்கொடை கொடுத்துக்கொண்டிருந்தன. மின்சாரத்தை வேறு கடையில் வாங்க முடியாது. ஆகவே மின்கட்டணம் கட்டும் ஒவ்வொருவரும் தனக்குப் பிடிக்காத கட்சிக்கும் பணம் கொடுக்கிறார் என்றுதானே அர்த்தம்? அதனால் கட்டணத்தில் ஒரே ஒரு யென்னைக் குறைத்துக் கட்டும் இயக்கம் நடந்தது. ஒரு யென்னால் நிறுவனத்துக்கு நட்டம் ஒன்றுமில்லை, ஆனால் அந்தக் கணக்கைத் தீர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இச்சிகாவாவும் மேலவை உறுப்பினர் அவோஷிமா யுக்கியோவும் இதற்குத் துணை நின்றார்கள். அந்த ஆண்டே தோக்கியோ மின் நிறுவனம் அரசியல் நன்கொடையை நிறுத்துவதாக அறிவித்தது.

எம்.எஸ். சுப்புலட்சுமியோடு இவரைச் சேர்த்துச் சொல்கிறார்களே?

இருவரும் ஒரே ஆண்டில் மகசேசே விருது பெற்றவர்கள். 1974-ல் பொதுச்சேவைக்கான விருது எம்.எஸ். அம்மாவுக்கு, சமூகத் தலைமைக்கான விருது இச்சிகாவாவுக்கு. பல லட்ச ரூபாயைக் கச்சேரிகள் மூலம் தருமத்துக்குக் கொடுத்தவரும் தேர்தலிலிருந்து பணத்தை விரட்டப் பார்த்தவரும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

இப்போது ஜப்பானில் பெண்கள் எந்த இடத்தில் இருக்கிறார்கள்?

2024 தேர்தலில் கீழவையின் 465 இடங்களில் 73 பெண்கள் வென்றார்கள். 2025 அக்டோபரில் தகாய்ச்சி சானாயே முதல் பெண் பிரதமரானார். அவருடைய அரசியலும் இச்சிகாவாவின் அரசியலும் வேறு வேறு திசை, அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

கடைசிக் காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்?

1980 ஜூனில் மறுபடியும் தேசியத் தொகுதி. வயது 87. 27 லட்சத்து 84 ஆயிரம் பேர் அவர் பெயரைச் சீட்டில் எழுதினார்கள். அந்தத் தேர்தலில் நாட்டிலேயே முதலிடம்.

அடுத்த மாதம் கோபன்ஹேகனில் ஐ.நா.வின் மகளிர் மாநாடு. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட ஜப்பான் அரசு தயங்கியது. இருக்கும் சட்டங்கள் அதற்கு ஒத்துவராது என்பது காரணம். இச்சிகாவா தலைமையில் 48 பெண்கள் அமைப்புகள் அரசை விடாமல் நெருக்கின. ஜப்பான் கையெழுத்திட்டது. ஏழு மாதம் கழித்து மாரடைப்பில் அவர் இறந்தார்.

உடன்படிக்கையை ஜப்பான் 1985-ல் முறையாக ஏற்றது. அதற்கு முன் மாற்ற வேண்டியவற்றில் ஒன்று, உயர்நிலைப் பள்ளியில் மனையியல் பாடம் பெண்களுக்கு மட்டுமே கட்டாயமாக இருந்தது. ஆண் பிள்ளைகளும் அதைப் படிக்க வேண்டும் என்று 1974-லேயே சங்கம் அமைத்தவர்களில் இச்சிகாவாவும் ஒருவர். பாடத்திட்டம் மாறி நடைமுறைக்கு வர 1994 ஆகிவிட்டது. அந்த ஆண்டு முதல் ஜப்பானின் உயர்நிலைப் பள்ளிகளில் பையன்களும் பெண்களோடு ஒரே வகுப்பில் சமையலும் தையலும் கற்றுக்கொள்கிறார்கள்.